மீன் தொட்டிக் கரையில் டயர் தூள் பாய்: நான்கு மாத அனுபவம்

பழைய டயரை அரைத்துச் செய்த ரப்பர் பாய்களை வாங்கி, மீன் தொட்டியைச் சுற்றிப் பரப்பி, நான்கு மாதம் வைத்திருந்துவிட்டு எடுத்துவிட்டேன். காலுக்கு அருமையான பாய். மீன் குஞ்சுக்கு ஆகாது. அவசரமாக முடிவு மட்டும் தெரிய வேண்டியவர்களுக்கு இது போதும். வீட்டில் தொட்டியோ சின்னக் குளமோ வைத்துக் குஞ்சு வளர்ப்பவர்கள் தயவுசெய்து மீதியையும் படித்துவிடுங்கள்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இந்த வகைப் பாய் யார் செய்தாலும் மூலப்பொருள் ஒன்றுதான். டயரைத் துண்டாக்கி, காந்தம் வைத்துக் கம்பியைப் பிரித்து, நூல் இழைகளை ஊதித் தள்ளி, மிச்சமுள்ள ரப்பரைச் சலித்துத் துகளாக்குகிறார்கள். அதில் பாலியூரித்தேன் பசையைக் கலந்து அச்சில் அழுத்திச் சதுரமாக எடுக்கிறார்கள். ஆகவே நான் சொல்லப்போவது ஒரு கடையைப் பற்றிய புகார் இல்லை, இந்தப் பொருளைப் பற்றியது.

வாங்கியதற்குக் காரணம் வழுக்கல். என் சிமெண்ட் தொட்டி தரையோடு தரையாக இருக்கும். கரை இரண்டு விரல் உயரம்தான். சுற்றிலும் பாசி படிந்து, ஒருமுறை வலைக்கூடையோடு முழங்காலில் விழுந்தேன். அதற்கு மறுநாளே ஆர்டர் போட்டுவிட்டேன். 50 செ.மீ. சதுரம், இரண்டரை செ.மீ. கனம், கறுப்பில் ஆங்காங்கே நீலப் புள்ளி. எட்டுச் சதுரம் வந்தது. ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள ஓரத்தில் பல் வெட்டு. அடிப்பக்கம் சின்னச் சின்னக் கால்கள், நடுவே தண்ணீர் ஓடுவதற்கு வழி. அந்த வழியை அப்போது ரொம்பவும் ரசித்தேன்.

பாயாக மட்டும் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஈரக்காலோடு ஓடினாலும் பிடித்துக்கொள்கிறது. மணிக்கணக்கில் மண்டியிட்டு வேலை செய்தாலும் முட்டி வலிக்கவில்லை. கண்ணாடி ஜாடி ஒன்று கை தவறி விழுந்தும் உடையவில்லை. வெயிலில் வெளுக்கவில்லை, நுனி மடங்கவில்லை. முதல் வாரம் வாசனை கொஞ்சம் தூக்கல், அப்புறம் பழகிவிட்டது. நடுப்பகலில் மட்டும் செருப்பில்லாமல் நிற்க முடியாது, அவ்வளவு சூடு.

இனி மீன் கதை.

நான் வளர்ப்பது வரிக்குதிரை மீன். நீலக்கோடு போட்ட, விரலளவுகூட வராத சின்ன மீன். இதன் முட்டையைக் கைலென்ஸ் வைத்துப் பார்த்தவர்கள் அப்புறம் விடமாட்டார்கள். சுமார் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள கண்ணாடி மணி. உள்ளே கரு சுருண்டு கிடக்கும். இரண்டாம் நாள் பார்த்தால் இதயம் துடிப்பது தெரியும். அப்புறம் கண் இரண்டு கரும்புள்ளியாகும், வால் வெடுக்கென்று ஒருதரம் அடிக்கும், மூன்றாம் நாளுக்குள் பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சு ஒரு கண்ணிமை முடி மாதிரி தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு தொங்கும். நான்கைந்து நாளில் காற்றுப்பையை நிரப்பிக்கொண்டு நேராக நீந்த ஆரம்பிக்கும். அந்த நாளுக்காகத்தான் இவ்வளவு மெனக்கெடுவது.

பெரிய தொட்டிக்குப் பக்கத்திலேயே ஆழமில்லாத குஞ்சுத் தொட்டி, சுமார் 60 லிட்டர். பாய் போட்ட பிறகு இரண்டரை மாதம் மழையே இல்லை, எல்லாம் நன்றாகப் போனது. ஒரு ராத்திரி அரை மணி நேரம் அடித்து ஊற்றியது. காலையில் போய்ப் பார்க்கிறேன், பத்து நாள் குஞ்சுகள் ஏறக்குறைய எண்பது இருந்த தொட்டியில் பாதிக்கு மேல் அடியில் கிடக்கின்றன. உயிர் இருக்கிறது, செவுள் படபடவென்று அடிக்கிறது. குழாய் நுனியால் லேசாகத் தண்ணீரைக் கலக்கினால் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் பக்கவாட்டில் சாய்கின்றன. சிலவற்றுக்கு முதுகு வளைந்திருந்தது. பக்கத்துத் தொட்டியில் பெரிய மீன்கள் எப்போதும்போல இரைக்கு முண்டியடித்தன. அமோனியா, நைட்ரைட் இரண்டும் சோதித்தேன், சுத்தம். பிஎச் 7.2. தண்ணீரை மாற்றினேன். இரண்டாம் நாள் முடிவில் பதினான்கு குஞ்சு மிஞ்சியது.

அப்போது பாயின் மேல் சந்தேகம் வரவில்லை. இரை கெட்டுப்போயிருக்கும், ஃபில்டர் நின்றிருக்கும் என்று என்னென்னவோ யோசித்தேன். அடுத்த ஈட்டில் முட்டை நிறைய வந்ததால் பாதியை வீட்டுக்குள் ஒரு கண்ணாடித் தொட்டியில் விட்டேன். இடம் போதாமல் செய்தது அது. அதுதான் கண்ணைத் திறந்தது. இரண்டாவது மழை வந்தது. வெளியே இருந்தவை போன தடவை மாதிரியே சாய்ந்தன. உள்ளே இருந்த அதே தாய் தகப்பனின் குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு மழையிலேயே நின்று பார்த்தேன். பாயின் மேல் விழுந்த தண்ணீர், அடிப்பக்கத்துக் கால்களுக்கு நடுவே ஓடி, நேராகக் குஞ்சுத் தொட்டியின் தாழ்ந்த ஓரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் இரண்டு வெள்ளைக் கண்ணாடிப் பாட்டில்களில் ஒரே குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். ஒன்றில் பாயிலிருந்து தீப்பெட்டி அளவுத் துண்டு, இன்னொன்றில் ஒன்றுமில்லை. ஏழு நாள் ஜன்னலோரம். துண்டு போட்ட தண்ணீர் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. மேலே மெல்லிய ஏடு, குலுக்கினால் கறுப்பு மாவு எழும்பி மெதுவாக இறங்கும். மூடியைத் திறந்ததும் என் மகள், “அப்பா, டயர் கடைக்குள்ள போன மாதிரி இருக்கு” என்றாள். அதில் ஒரு முட்டையைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். எனக்கு மனம் வரவில்லை.

போடவும் தேவையில்லை. அந்த வேலையை ஏற்கெனவே செய்து எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்க ஆரம்பித்த நான் ராத்திரி ரொம்ப நேரம் தூங்கவில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் லாங்ஃபெலோ என்று ஓர் ஓடை. கெட்டுப்போயிருந்த அதைத் திருத்தி, கரையில் மரம் வைத்து, மீன் ஏறிவர வழி செய்தார்கள். கோஹோ சால்மன் கடலிலிருந்து முட்டையிடத் திரும்பியும் வந்தது. ஆனால் மழை பெய்து சாலைத் தண்ணீர் இறங்கினால் போதும், வந்த மீன்கள் தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்து, தள்ளாடி, வட்டமடித்து, சில மணி நேரத்தில் செத்தன. வயிற்றில் முட்டை அப்படியே இருந்தது. நகரத்தை ஒட்டிய ஓடைகளில் சில வருஷம் திரும்பி வந்ததில் பத்துக்கு நான்கு, சில வருஷம் பத்துக்கு ஒன்பது இப்படிப் போயின. பூச்சிமருந்தா, உலோகமா, நோயா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய் இருபது வருஷம் ஆகிவிட்டது. கடைசியில் 2020 டிசம்பரில் ஜென்யூ தியான், எட்வர்ட் கோலோட்சே, ஜெனிஃபர் மெக்இன்டயர் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் டயர் ஊறிய நீரைப் பிரித்துப் பிரித்து, ஆயிரக்கணக்கான பொருள்களிலிருந்து ஒரே ஒரு மூலக்கூறைப் பிடித்தார்கள். அதன் பெயர் 6பிபிடி-குயினோன்.

இது யாரும் டயரில் சேர்ப்பது இல்லை. சேர்ப்பது 6பிபிடி. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரைக் கடித்து வெடிக்க வைக்கும். அதற்கு முன்னால் தானே போய் ஓசோனைத் தாங்கிக்கொள்வதுதான் 6பிபிடியின் வேலை. 1960களிலிருந்து போடுகிறார்கள், டயரின் எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு. கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்புக்கு வந்துகொண்டே இருக்கும்படிதான் சேர்ப்பதே. ஓசோனோடு சேர்ந்ததும் குயினோனாக மாறுகிறது. அதாவது, என் பாய் நான்கு மாதம் வெடிக்காமல் இருந்ததே, நான் மெச்சிக்கொண்டேனே, அதைச் செய்தது இந்த வகை மருந்துதான்.

அளவைக் கேட்டால் நம்பச் சிரமமாக இருக்கும். கோஹோவில் பாதியைக் கொல்ல லிட்டருக்கு 95 நானோகிராம் போதும் என்று 2022இல் திருத்திச் சொன்னார்கள். ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் இருக்கும். அவ்வளவுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கால் கிராம்கூட வராது. அதுவும் குஞ்சுகளுக்கு இன்னும் கீழே. நீந்த ஆரம்பித்து மூன்று வாரம் ஆன கோஹோ குஞ்சுக்கு 41 நானோகிராம் என்று 2023இல் வந்த ஆய்வு சொல்கிறது. அதே ஆய்வில் சினூக் சால்மன் குஞ்சையும் சோதித்தார்கள். அதற்கு ஆயிரம் மடங்குக்கும் மேலே வேண்டியிருந்தது. இரண்டும் நெருங்கிய சொந்தக்கார மீன்கள்! புரூக் டிரவுட்டும் ரெயின்போ டிரவுட்டும் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம், அதாவது ஆயிரம் நானோகிராம் சுற்றுவட்டாரத்தில் சாகின்றன. ஆர்க்டிக் சார், வெள்ளை ஸ்டர்ஜன் இரண்டும் தாங்கின. எந்த மீனுக்கு என்ன ஆகும் என்பதைச் சொந்தபந்தத்தை வைத்து ஊகிக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

கோஹோ குஞ்சு பொரிந்தவுடன் கடலுக்குப் போய்விடுவதும் இல்லை. ஒரு வருஷத்துக்கும் மேல் அந்தச் சின்ன ஓடையிலேயே, சாலைக்குப் பக்கத்திலேயே வளர்கிறது. ஒவ்வொரு மழையும் அதன் தலையில்தான் இறங்குகிறது. பாதிக்கப்பட்ட மீனின் மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பு கசிந்துபோகிறது என்று பார்த்திருக்கிறார்கள். வாய் பிளப்பதும் தள்ளாடுவதும் வட்டமடிப்பதும் அதனோடு பொருந்திப் போகின்றன.

இங்கே ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். என் குஞ்சுகளைக் கொன்றது இந்தக் குயினோன் என்று நான் சொல்லவில்லை. வரிக்குதிரை மீன் அந்த ஒரு பொருளைக் கோஹோவைவிடப் பல மடங்கு தாங்கும். ஆனால் டயரில் இருப்பது அது மட்டும் இல்லையே. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது. கரைந்த துத்தநாகம் மீனின் செவுளைத்தான் முதலில் தாக்கும், குஞ்சு உடம்புக்குள் கால்சியம் போவதைக் கெடுக்கும். பென்சோதயசோல் வகைகள், கரியோடு வரும் எண்ணெய்ப் பொருள்கள் என்று பட்டியல் நீளம். ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டயர்த் துகளையும் அது ஊறிய நீரையும் வரிக்குதிரை மீனின் கருக்களுக்குக் கொடுத்துப் பார்த்து 2022இல் வெளியிட்டார்கள். கருக்கள் செத்தன, பிழைத்தவற்றில் உடல் கோணல் வந்தது. சில்வர்சைடு என்ற கழிமுக மீனின் குஞ்சுகளில் வளர்ச்சி குறைந்தது, நீந்தும் விதமே மாறியது. வளைந்த முதுகு என்று மேலே எழுதினேனே, அதைப் படித்தபோது என் தொட்டியைப் பார்த்த மாதிரியே இருந்தது.

பெரிய மீன் தப்பித்துக் குஞ்சு மாட்டுவது ஏன்? குஞ்சின் எடைக்கு அதன் தோல் பரப்பு மிக அதிகம். செவுள் முழுதாக வளரும் வரை அது தோல் வழியாகத்தான் மூச்சு வாங்குகிறது. செதில் கிடையாது. உள்ளே போன விஷத்தை உடைத்து வெளியேற்றும் ஈரல் இன்னும் முதிரவில்லை. தண்ணீர் சரியில்லை என்றால் பெரிய மீன் அந்த மூலையை விட்டு விலகும். கண்ணிமை முடி அளவு இருப்பது எங்கே போகும்?

அரைத்த டயர் முழு டயரைவிட மோசம் என்பதற்கு ஆராய்ச்சிகூட வேண்டாம், கணக்கே போதும். இரண்டு செ.மீ. கனச்சதுர ரப்பர் கட்டிக்கு மேற்பரப்பு 24 சதுர செ.மீ. அதையே இரண்டு மி.மீ. துண்டுகளாக வெட்டினால் 240. பத்து மடங்கு இடத்தில் தண்ணீர் படுகிறது. மேலே வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்து, ஓசோன் பட்டு, இரண்டரை மாதம் சேர்ந்ததெல்லாம் முதல் மழையில் ஒரே மூச்சாகக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறது. அதனால்தான் முதல் அரை மணி நேர மழையே போதுமாக இருந்தது.

விற்பனையாளருக்கு எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது. “முழுக்க மறுசுழற்சி, நச்சு இல்லாதது, குழந்தைகள் விளையாடும் இடத்தில் போடுவது” என்றார்கள். நீரில் ஊறவைத்து, அந்த நீரில் மீன் குஞ்சையோ நீர்ப்பூச்சியையோ விட்டுச் சோதித்த அறிக்கை இருக்கிறதா என்று கேட்டேன். வழுக்கல் சோதனைச் சான்றும் தீப்பிடிப்புச் சோதனைச் சான்றும் அனுப்பினார்கள். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதே இரண்டு. கோபம் வந்தது, மறைக்க விரும்பவில்லை. பெட்டியின் மேல் பச்சை இலை படம் போட்டு ‘தோட்டம், குளக்கரைக்கு ஏற்றது’ என்று அச்சடித்திருக்கிறார்கள். குளக்கரை என்று எழுதும்போது குளத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவராவது யோசித்திருக்க வேண்டாமா? பிரிக்காத இரண்டு சதுரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டயர்க்காரர்களை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. 6பிபிடியை எடுத்துவிட்டால் டயர் வெடித்து ஆள் சாவான். வேறு மருந்து கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் இன்னொரு மீனைக் கொல்லாததாக இருக்க வேண்டும். கலிஃபோர்னியா மாநிலம் 2023 அக்டோபரிலிருந்து 6பிபிடி உள்ள வாகன டயரை முன்னுரிமைப் பொருளாக அறிவித்து, மாற்றுப் பொருளை ஆராய வேண்டும் என்று உற்பத்தியாளர்களைக் கட்டாயப்படுத்தியிருக்கிறது. அதே வருஷம் யூரோக், போர்ட் கேம்பிள் ஸ்க்லாலம், புயாலப் என்ற மூன்று பழங்குடி அரசுகள் டயரில் 6பிபிடி சேர்ப்பதற்கு எதிராக மனுப் போட்டு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நவம்பரில் அதை ஏற்றுக்கொண்டது. சால்மன் அவர்களுக்கு வாழ்க்கை. அதனால்தான் கேட்டார்கள்.

எனக்கு உதவிய விஷயம் ஒன்று, பலருக்கும் உதவும். சாலைத் தண்ணீரை மணல் 60 பங்கு, மக்கு உரம் 40 பங்கு கலந்த மண் வழியாக வடியவிட்டு, அந்த நீரில் கோஹோவை விட்டுப் பார்த்திருக்கிறார்கள். வடிகட்டாத நீரில் இருந்தவை செத்தன, மண் வழியாக வந்த நீரில் இருந்தவை பிழைத்தன. 2016இல் வந்த ஆய்வு. கொலையாளியின் பெயர் தெரிவதற்கு முன்னாலேயே மருந்து தெரிந்திருந்தது! வாகனம் நிற்கும் பக்கத்திலிருந்து என் தொட்டிப் பக்கம் வரும் மழைத்தண்ணீருக்குக் குறுக்கே ஒரு முழ அகலத்தில் குழி வெட்டி இந்தக் கலவையை நிரப்பியிருக்கிறேன். மேலே புல் பிடித்துவிட்டது. கரையைச் சுற்றிச் சொரசொரப்பாகக் கொத்திய கல் பலகை போட்டாயிற்று. கால் பிடிப்பு பாய் அளவுக்கு இல்லை, முட்டிக்குத் தனியாக ஒரு கோணிப்பையை மடித்து வைத்துக்கொள்கிறேன்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: கூரைக்கு அடியில், தண்ணீர் ஓடாத இடத்தில் போடுவதானால் ஐந்துக்கு நான்கு தாராளமாகக் கொடுப்பேன். என் ஆறு சதுரமும் இப்போது சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குள் கிடக்கின்றன, அங்கே நல்ல உபயோகம். மழை படும் இடத்தில், அந்த மழைநீர் தொட்டிக்கோ குளத்துக்கோ ஓடைக்கோ போகும் என்றால் பூஜ்யம். செடிக்கு அடியில் பரப்ப விற்கிறார்களே டயர் சீவல், அதுவும் இதே கணக்குத்தான். தொட்டிக் கரையில் பழைய டயரை அடுக்கிச் செடி வைப்பவர்களும், டயரையே வெட்டிக் குட்டிக் குளம் செய்பவர்களும், பெரிய மீன் சாகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். முட்டை பொரிகிறதா, பொரிந்தது நேராக நீந்துகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் மழைக்கு முன் எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாவிட்டால் தண்ணீர் தொட்டிக்கு எதிர்ப்பக்கம் சரியும்படி ஓரத்தை உயர்த்தி, அது வடியும் இடத்தில் மண் குழி வையுங்கள். அந்தத் தண்ணீரை வீதிச் சாக்கடையில் மட்டும் திருப்பாதீர்கள், அங்கிருந்து அது எந்த ஓடைக்குப் போகுமோ.

பாயை எடுத்த பிறகு மூன்று மழை பெய்துவிட்டது. வெளித்தொட்டியில் இப்போது ஒன்பது நாள் குஞ்சு. இன்று காலை டார்ச் அடித்து எண்ணினேன். எழுபத்தொன்று வரை எண்ணுவதற்குள் ஓடி ஓடிக் கலைத்துவிட்டன.